பிளேன் கட்டின கதை மட்டும் போதாது, டெஸ்ட் பண்ண கதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுலயே சொந்தமா பிளேன் கட்டினவங்களப் பத்தி அப்பப்ப செய்தி வருது, நம்ம ஆளுங்களும் சந்தோஷமா எல்லாருக்கும் அனுப்புறாங்க. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தச் செய்தி எல்லாத்துலயும் பாதிக் கதைதான் இருக்கு. கட்டின கதை இருக்கும், குடும்பத்தோட பறக்குற போட்டோ இருக்கும், நடுவுல அத யாரு செக் பண்ணாங்க, யாரு கையெழுத்து போட்டாங்க, வேற யாரையும் ஏத்தாம எத்தன மணி நேரம் தனியா ஓட்டிப் பாத்தாங்க, இது ஒண்ணுமே இருக்காது. உயிர் போறதும் பொழைக்கிறதும் அந்த நடுப்பகுதியிலதான். அதப் பத்தி ஒரு தடவையாவது தமிழ்ல விவரமா வரணும்னுதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், இடம் பத்தலன்னா எங்க வேணும்னாலும் வெட்டிக்குங்க, டெஸ்ட் பத்தின பகுதிய மட்டும் வெட்டாதீங்க சார்.

2022-ல ஒரு செய்தி வந்துச்சு, இன்னைக்கும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. லண்டன் பக்கத்துல எசெக்ஸ்ல இருக்குற ஒரு கேரளத்து இஞ்சினியர் கொரோனா லாக்டவுன் நேரத்துல வீட்டுத் தோட்டத்துல ஷெட் போட்டு நாலு பேர் உக்கார்ற பிளேன் ஒண்ணு கட்டி, அப்புறம் மனைவி பிள்ளைங்களோட அதுல பறந்தார். தென்னாப்பிரிக்காவுல செய்யுற ஸ்லிங் டிஎஸ்ஐங்கிற கிட் அது, அதாவது பாகங்களா வாங்கி நாமளே சேத்துக் கட்டுறது. நம்ம ஆளுங்க எல்லாரும் பேசினது "பாத்தியா, தோட்டத்துலயே பிளேன் பண்ணிட்டான்"ங்கிறதுதான். அவர் கிட் வாங்குறதுக்கு முன்னாடியே பைலட் லைசென்ஸ் எடுத்திருந்தார், அது யாருக்கும் ஞாபகம் இல்ல. இங்கிலாந்துல அந்த மாதிரி கட்டுறவங்களுக்கு லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, கட்டுற ஒவ்வொரு கட்டத்துலயும் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து கையெழுத்து போடணும், அப்புறம் டெஸ்ட் ஃப்ளைட் முடிஞ்சு ரிப்போர்ட் போயி பர்மிட் வந்தாதான் பறக்கலாம். அதப் பத்தி யாரும் பேசல.

அதுக்கு முந்தின வருஷம், 2021 ஆகஸ்ட்ல, மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல ஒரு கிராமத்துப் பையன், வயசு 24, மாருதி கார் இஞ்சினப் போட்டு சொந்தமா ஹெலிகாப்டர் கட்டி தரையிலயே ஓட்டிப் பாத்தான். ஓடிக்கிட்டு இருக்கும்போது டெயில் ரோட்டர் பிளேடு உடைஞ்சு மெயின் ரோட்டர்ல பட்டுச்சு, மெயின் ரோட்டர் பிளேடு அவன் தலையில அடிச்சு உயிர் போயிருச்சு. அந்த வீடியோவ நான் முழுசாப் பாக்கல, பாக்க முடியல. வெல்டிங் கத்துக்கிட்டு அத்தனையும் தானே செஞ்ச பையன், கையில எவ்வளவு திறமை இருந்திருக்கணும். அவன் பக்கத்துல நின்னு "தம்பி, இந்த பிளேடுக்கு எவ்வளவு லோடு வரும்னு கணக்குப் போட்டியா, ஓடும்போது நீ ஏன் உள்ள இருக்க, தூரத்துல இருந்து த்ராட்டில் குடுக்க ஏற்பாடு பண்ணு"ன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. ஊரே கை தட்டுச்சு, எல்லாரும் விஞ்ஞானின்னு சொன்னாங்க, செக் பண்ண மட்டும் ஒருத்தரும் வரல. எனக்கு இன்னமும் ஆறாத கோவம் அது.

நான் சிங்கப்பூர்ல சிலேத்தார் ஏர்போர்ட்ல, விமானம் ரிப்பேர் பண்ற ஹேங்கர்ல ரொம்ப வருஷம் ஷீட் மெட்டல் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். என் கூட வேலை பாத்த ஒருத்தர் குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுல பெர்த் போய் செட்டில் ஆயிட்டார், அங்க போய் ஆர்வி-7ங்கிற ரெண்டு சீட் பிளேன் கட்டினார். லீவு கிடைக்கிறப்பல்லாம் நான் போய் கை குடுத்தேன், ரிட்டயர் ஆனப்புறம் இன்னும் கொஞ்சம் கூடவே இருந்தேன். அதனால நான் சொல்றது எங்கயோ படிச்சத வச்சு இல்ல.

ஆர்வி கிட் அமெரிக்காவுல ஓரிகன்ல இருக்குற வேன்ஸ் ஏர்கிராஃப்ட் செய்யுறது, ரிச்சர்ட் வேன்குரூன்ஸ்வென்னு ஒருத்தர் 1970-கள்ல ஆரம்பிச்ச கம்பெனி, உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கு மேல ஆர்வி பறந்திருக்கு. கிட்னா பொம்மை மாதிரி ஒட்டுறதுன்னு சில பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. பாதிக்கு மேல நீங்களே கட்டணும், படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டணும், அப்பதான் அமெச்சூர் பில்ட்னு ஒத்துக்குவாங்க, 51 சதவீதம் ரூல்னு சொல்லுவாங்க. பெட்டிய தொறந்தா உள்ள அலுமினியம் ஷீட்டும், விங்குக்குள்ள எலும்பு மாதிரி இருக்குற ரிப்பும் ஸ்பாரும்தான். ஓட்டை போடணும், ஓட்டையோட ஓரத்துல பிசிர எடுத்து டீபர் பண்ணணும், பிரைமர் அடிக்கணும், கிளீக்கோங்கிற கிளிப் போட்டு தற்காலிகமா பிடிச்சு வைக்கணும், அப்புறம்தான் ஷீட்டுகள ஒண்ணா இறுக்குற ரிவெட் ஆணி.

ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வெளிய ரிவெட் கன் பிடிப்பார், இன்னொருத்தர் உள்ள பக்கிங் பார்ங்கிற இரும்புக் கட்டிய அழுத்திப் பிடிக்கணும். வால் பக்கம் குறுகிப் போற டெயில் கோன் உள்ள என் கை போகாது, நண்பர் கையும் போகாது, அவர் மனைவி, நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன், அவங்க கை சின்னது, அவங்கதான் படுத்துக்கிட்டு உள்ள பார் பிடிச்சாங்க. "அண்ணே அடிங்க"ன்னு உள்ள இருந்து குரல் வரும், நான் அடிப்பேன், "போதும்"னு சொல்லுவாங்க. சத்தத்துலயே தெரியும் ரிவெட் சரியா உக்காந்துச்சா இல்லையான்னு. எட்டுல ஒரு இஞ்ச் ரிவெட்டுன்னா அடிச்ச பக்கம் தலை பதினாறுல மூணு இஞ்ச் அகலம், பதினாறுல ஒரு இஞ்ச் உயரம் இருக்கணும், ஓட்டையோட நடுவுல இருந்து ஷீட் ஓரம் வரைக்கும் ரிவெட்டோட விட்டம் மாதிரி ரெண்டு மடங்கு இடம் விடணும். ரிவெட் லேசா கோணலா இருந்தா உடனே தொளச்சு எடுக்கவும் கூடாது, எடுக்குறப்ப ஓட்டை பெருசாயிரும், கெட்ட ரிவெட்ட விட பெரிய ஓட்டை மோசம். இதெல்லாம் கையில வர நாளாகும். தங்கச்சி கொஞ்ச நாள்லயே கத்துக்கிட்டாங்க, பல டெக்னீஷியன விட நல்லா பிடிச்சாங்கன்னு நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

கட்டுறது சந்தோஷம். வாரக் கடைசியில கராஜ் தொறந்து வேலை பாக்குறது, பக்கத்து வீட்டு வெள்ளக்காரர் டீ கப்போட வந்து நின்னு பாக்குறது, விங் முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் சேந்து தூக்கி வச்சது, எல்லாமே நல்லா இருக்கும். பிரச்சன எங்க வருதுன்னா, வருஷக்கணக்கா கட்டினவருக்கு கடைசியில ஒரு அவசரம் வந்துரும், சீக்கிரம் பறக்கணும்னு. அந்த நேரத்துலதான் நிதானம் வேணும்.

பறக்குறதுக்கு முன்னாடி தரையில பாக்க வேண்டியது நிறைய இருக்கு. மூணு சக்கரத்துக்கும் கீழ மூணு தராசு வச்சு எடை போட்டாங்க, அதுல இருந்து சென்டர் ஆஃப் கிராவிட்டி (சிஜி), அதாவது மொத்த எடையோட நடுப்புள்ளி, எங்க விழுதுன்னு கணக்கு போட்டாங்க. சிஜி அளவுக்கு மேல பின்னால போயிட்டா பிளேன் நிலையா பறக்காது, விங் தூக்குற சக்திய இழந்து ஸ்டால் ஆனா மூக்கு கீழ வர மறுக்கும், சுழண்டுக்கிட்டே விழுற ஸ்பின்ல மாட்டினா வெளிய வர முடியாமலும் போகலாம். கம்பெனி பிரோஷர்ல இருக்குற எடைய நம்பி பறக்க முடியாது, ஏன்னா பெயின்ட் எவ்வளவு அடிச்சீங்க, என்ன ரேடியோ வச்சீங்க, என்ன சீட் போட்டீங்கங்கிறது ஒவ்வொரு பிளேனுக்கும் வேற வேற.

அப்புறம் ஃப்யூல் ஃப்ளோ டெஸ்ட். இது நான் நேர்ல நின்னு பாத்தது. பிளேன் மூக்க தூக்கி, மேல ஏறுறப்ப எந்த கோணத்துல இருக்குமோ அந்த கோணத்துல நிறுத்தி, கார்புரேட்டருக்குப் போற லைன கழட்டி பாத்திரத்துல பிடிக்கணும், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வருதுன்னு கணக்குப் பாக்கணும். பம்ப் இருந்தா ஃபுல் பவர்ல இஞ்சின் குடிக்கிறத விட 25 சதவீதம் கூட வரணும், பம்ப் இல்லாம டேங்க்ல இருந்து தானா இறங்குற சிஸ்டம்னா 50 சதவீதம் கூட வரணும். அவரோடது 180 குதிரை சக்தி லைகமிங் ஓ-360, ஃபுல் பவர்ல மணிக்கு சுமார் 60 லிட்டர் குடிக்கும், அப்ப 75 லிட்டராவது வரணும். ஒரு டேங்க்ல வந்துச்சு, இன்னொரு டேங்க்ல வரல. இத்தனைக்கும் அதுக்கு முந்தின நாள் அதே டேங்க்ல இஞ்சின் தரையில அருமையா ஓடுச்சு! கழட்டிப் பாத்தா டேங்க் ஒட்டுற சீலன்ட் துணுக்கு ஒண்ணு ஸ்ட்ரெய்னர்ங்கிற வடிகட்டியில போய் அடைச்சுக்கிட்டு இருக்கு. தரையில சும்மா ஓட்டுறப்ப இஞ்சினுக்கு கொஞ்சம் ஃப்யூல் போதும், அதனால தெரியல. டேக் ஆஃப் ஆகி 200 அடி போனப்புறம் ஃபுல் பவர்ல கேக்குறப்பதான் பத்தாம போயிருக்கும், அந்த உயரத்துல திரும்பி வர இடமே கிடையாது. ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு மத்தியானம், அவ்வளவுதான் செலவு. இந்த மாதிரி ஒரு விஷயத்த எந்த செய்தியிலயும் நான் படிச்சதில்ல.

கன்ட்ரோல் எல்லாத்தையும் ரெண்டு பேர் தனித்தனியா பாக்கணும். நாங்க ஹேங்கர்ல டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன்னு சொல்லுவோம், ஒருத்தர் வேலை முடிச்சு கையெழுத்து போட்டப்புறம், இன்னொருத்தர் முதல் ஆளக் கேக்காம தானே பாத்து கையெழுத்து போடணும். ஸ்டிக்க இடது பக்கம் தள்ளினா இடது எயிலெரான், அதாவது விங்கோட பின் ஓரத்துல அசையுற பலகை, மேல போகுதா, வலது கீழ வருதா, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கா, லாக் வயர் சரியான பக்கம் இழுக்குதா. கட்டினவர் கண்ணுக்கு தன் தப்பு தெரியாது, எத்தன கெட்டிக்காரரா இருந்தாலும் தெரியாது, ஏன்னா அவருக்கு அது எப்படி இருக்கணும்னு மனசுல பதிஞ்சுருச்சு. அதனாலதான் வேற ஆள்.

கட்டுறவர் நல்ல எண்ணத்துல செய்யுற மாத்தம்கூட எங்க கொண்டு போய் விடும்ங்கிறதுக்கு ஒரு கேஸ் சொல்றேன். அமெரிக்கப் பாட்டுக்காரர் ஜான் டென்வர் 1997 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல மான்டரே பே கடல்ல விழுந்து செத்தார். அவர் ஓட்டினது லாங்-ஈஸிங்கிற சொந்தமா கட்டுற வகை பிளேன், பர்ட் ரூட்டன் டிசைன் பண்ணது, வேற ஒருத்தர் கட்டினத டென்வர் விலைக்கு வாங்கியிருந்தார். டிசைன்படி ஃப்யூல் டேங்க் மாத்துற வால்வு பைலட்டுக்கு முன்னால இருக்கணும். கட்டினவர் காக்பிட் உள்ள பெட்ரோல் லைன் வரக் கூடாதுன்னு நினைச்சு அத பைலட்டோட இடது தோளுக்குப் பின்னால வச்சுட்டார். அதத் திருப்பணும்னா உடம்ப முறுக்கி பின்னால கை நீட்டணும், அப்படித் திரும்புறப்ப வலது கால், மூக்க பக்கவாட்டுல திருப்புற ரட்டர் பெடல்ல அழுந்திரும். எந்தப் பக்கம் எந்த டேங்க்னு மார்க்கும் இல்ல. அந்த பிளேன்ல அவருக்கு அனுபவமும் ரொம்ப கம்மி, டேங்க்ல பெட்ரோலும் கம்மி. அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு என்டிஎஸ்பி இது அத்தனையையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கு.

அதே என்டிஎஸ்பி 2012-ல சொந்தமா கட்டின பிளேன்களப் பத்தி பெரிய ஆய்வு ஒண்ணு வெளியிட்டுச்சு. இஞ்சின் கோளாறும், பைலட் கன்ட்ரோல் இழக்குறதும்தான் அதிக விபத்துக்குக் காரணம்னு அதுல இருக்கு. என்னை ரொம்ப யோசிக்க வச்சது இன்னொரு விஷயம், 2011-ல விபத்துல மாட்டின அந்த மாதிரி பிளேன்கள்ல பாதிக்கு மேல கட்டினவர் கையில இல்ல, செகண்ட் ஹேண்டா வாங்கினவங்க கையில இருந்துச்சு. கட்டினவருக்குத் தெரிஞ்சது வாங்கினவருக்குத் தெரியாது, அத டெஸ்ட் பண்ணி தாள்ல எழுதி வைக்கலன்னா போச்சு.

இப்ப முதல் ஃப்ளைட். பெர்த்துக்குத் தெற்க செர்ப்பன்டைன்னு ஒரு சின்ன ஏர்ஃபீல்ட் இருக்கு, சொந்தமா பிளேன் கட்டுறவங்களோட கிளப் அங்கதான், சுத்தி எல்லாம் வயலும் வெட்ட வெளியும். காலங்காத்தால பண்ணாங்க, ஏன்னா மத்தியானம் ஆனா கடல் காத்து வந்துரும், அந்த ஊர்ல ஃப்ரிமேன்டல் டாக்டர்னு பேர் வச்சிருக்காங்க அந்தக் காத்துக்கு. நண்பர் தானே ஓட்டணும்னு எவ்வளவு ஆசைப்பட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா ஓட்டல. ஆர்வியில நிறைய மணி நேரம் ஓட்டின ஒருத்தர் கையில குடுத்தார், தான் வேற ஒரு ஆர்வியில டிரெயினிங் முடிச்சப்புறம்தான் இதுல ஏறினார். அந்த முடிவ நான் அவர் கட்டின விங்க விட பெருசா மதிக்கிறேன்.

கூட ஒரு ஆளும் ஏறக் கூடாது. என்னையும் ஏத்த மாட்டாங்க, தங்கச்சியையும் ஏத்த மாட்டாங்க. வீடியோ எடுக்க ஒருத்தர் ஏறுறேன்னு சொல்றதெல்லாம் நடக்காது.

சில பேர் ரன்வேயில திரும்பத் திரும்ப வேகமா ஓட்டிப் பாக்கணும்னு சொல்லுவாங்க. புது லைகமிங் இஞ்சின்ல அது நல்லதில்ல, பிஸ்டன் ரிங் உக்கார நல்ல பவர் வேணும், தரையில கம்மி பவர்ல ரொம்ப நேரம் ஓட்டினா சிலிண்டர் உள்பக்கம் வழவழன்னு ஆயிரும், அப்புறம் ரிங் உக்காராம ஆயில் குடிக்கும். அதோட பாதி வேகத்துல தெரியாம தரைய விட்டு எழும்பிட்டா அதுவே விபத்து. பிரேக், ஸ்டீரிங், ஏர்ஸ்பீட் மீட்டர் வேலை செய்யுதான்னு பாக்குற அளவுக்கு ஓட்டிட்டு நிறுத்திட்டாங்க.

பிளேன் எழும்பினதும் நேரா ஏர்ஃபீல்டுக்கு மேலயே சுத்தி சுத்தி ஏறுச்சு, இஞ்சின் நின்னாலும் கிளைட் பண்ணி ரன்வேக்கு வர்ற தூரத்த விட்டு போகவே இல்ல. ஒருத்தர் ரேடியோவுல டெம்பரேச்சர், பிரஷர் எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தார். சிலிண்டர் ஹெட் சூடு கொஞ்சம் ஏறுச்சு, புது இஞ்சின்ல எதிர்பாக்குறதுதான், மூக்க கொஞ்சம் இறக்கி காத்து அதிகமா போக விட்டதும் இறங்குச்சு. ஒரு பக்கம் விங் லேசா கனமா இழுக்குதுன்னு சொன்னார், அத அப்புறம் எயிலெரான் ஓரத்த கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி சரி பண்ணாங்க. இறங்கி வந்ததும் யாரும் கை தட்டுறதுக்கு முன்னாடி இஞ்சின மூடியிருக்குற கௌலிங்க கழட்டி ஆயில் கசியுதா, ஏதாவது லூஸ் ஆயிருக்கான்னு பாத்தாங்க, அதுக்கப்புறம்தான் தங்கச்சி செஞ்சு வச்சிருந்த கேசரி.

டெஸ்ட் அதோட முடியல, அன்னைக்குதான் ஆரம்பம். அமெரிக்காவுல வழக்கமா சொல்ற கணக்கு, சான்றிதழ் உள்ள இஞ்சின் புரொப்பல்லர் ஜோடியா இருந்தா 25 மணி நேரம், இல்லன்னா 40 மணி நேரம், குறிச்ச ஏரியாவுக்குள்ளயே, ஊருக்கு மேல போகாம, ஆள் ஏத்தாம ஓட்டணும். இப்ப மணிக்கணக்குக்குப் பதிலா என்னென்ன டெஸ்ட் முடிக்கணும்னு பட்டியல் போட்டு செய்யுற முறையும் வந்திருக்கு. பெர்த்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அந்த நேரத்த சும்மா சுத்தி கழிக்கக் கூடாது, ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் ஒரு கார்டு, அதுல என்ன பாக்கணும்னு எழுதியிருக்கும். நல்ல உயரத்துக்குப் போயி ஸ்டால் பண்ணி பாக்குறது, மெதுவா பறக்குறதுக்கு இறக்குற ஃப்ளாப் இல்லாம ஒரு தடவ, ஃப்ளாப் போட்டு ஒரு தடவ. ஜிபிஎஸ் வச்சு வேற வேற திசையில ஓட்டி ஏர்ஸ்பீட் மீட்டர் உண்மையச் சொல்லுதான்னு பாக்குறது, ஏன்னா மீட்டர் 10 நாட் (விமான வேகத்துக்கான அளவு) தப்பா காட்டினா லேண்டிங்ல நீங்க நினைக்கிற வேகம் வேற, இருக்குற வேகம் வேற. மண் மூட்டைய வச்சு எடைய ஏத்தி, சிஜிய கொஞ்சம் கொஞ்சமா பின்னால நகத்தி, ஒவ்வொரு இடத்துலயும் எப்படி நடந்துக்குதுன்னு பாக்குறது.

கடைசியாதான் அதிக வேகம். அதுல பயப்பட வேண்டியது ஃப்ளட்டர். தேசிய தினத்துக்கு எச்டிபி அடுக்குமாடி வீட்டு காரிடார்ல கட்டுற கொடி பலமான காத்துல படபடன்னு அடிக்குமே, வாலுல இருக்குற எலிவேட்டரும் விங்ல இருக்குற எயிலெரானும் அந்த மாதிரி தானா துடிக்க ஆரம்பிச்சா சில வினாடியில பிஞ்சு போயிரும். லிங்கேஜ்ல லேசான ஆட்டம், பேலன்ஸ் வெயிட் குறைவு, அளவுக்கு மேல பெயின்ட், இது போதும் ஃப்ளட்டர் வர. அதனால வேகத்த அஞ்சு அஞ்சு நாட்டா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்க லேசா தட்டிப் பாத்து, அதிர்வு உடனே அடங்குதான்னு கவனிச்சு, பாராசூட் கட்டிக்கிட்டு செய்வாங்க. இப்படி எடுத்த நம்பர் எல்லாம் சேந்துதான் அந்த பிளேனோட மேனுவல். அது முடிஞ்சப்புறம்தான் தங்கச்சி அதுல ஏறினாங்க, அவங்க கையால அடிச்ச ரிவெட் எத்தனையோ அதுல இருக்கு, அப்பவும் அவங்க காத்திருந்தாங்க.

"ரைட் பிரதர்ஸ யாரு செக் பண்ணாங்க"ன்னு என்கிட்ட சில பேர் கேட்டிருக்காங்க. நல்ல கேள்விதான். அவங்க 1901-ல சொந்தமா விண்ட் டனல் கட்டி சுமார் 200 விங் ஷேப்ப டெஸ்ட் பண்ணாங்க. 1902-ல கிட்டி ஹாக்ல இஞ்சினே இல்லாத கிளைடர்ல நூத்துக்கணக்கான தடவ பறந்து கன்ட்ரோல் கத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் 1903 டிசம்பர் 17. டெஸ்ட் பண்றதுக்கு ஒரு உதாரணம் வேணும்னா அவங்கதான் முதல் உதாரணம்.

மாறா நடந்ததும் இருக்கு. 1930-கள்ல பிரான்ஸ்ல ஆன்ரி மின்யேன்னு ஒருத்தர் முன்னால ஒரு விங் பின்னால ஒரு விங் வச்சு மலிவா ஒரு குட்டி பிளேன் டிசைன் பண்ணார், ஃப்ளையிங் ஃப்ளீன்னு சொல்லுவாங்க. சாதாரண ஜனங்க வீட்டுல கட்டலாம்னு சொன்னதும் இங்கிலாந்துலயும் பிரான்ஸ்லயும் ஏகப்பட்ட பேர் கட்டினாங்க. வரிசையா உயிர் போக ஆரம்பிச்சது, மூக்கு கீழ போனா திரும்ப மேல வரவே இல்ல. அப்புறம்தான் முழு சைஸ் பிளேன விண்ட் டனல்ல வச்சுப் பாத்தாங்க, ரெண்டு விங்குக்கும் நடுவுல காத்து போற விதத்துல கோளாறுன்னு கண்டுபிடிச்சாங்க. டெஸ்ட் முதல்ல நடந்திருந்தா அத்தன பேர் செத்திருக்க மாட்டாங்க.

இந்தியாவுலயே முறையா போனவர் ஒருத்தர் இருக்கார், கேப்டன் அமோல் யாதவ், ஏர்லைன் பைலட்டா வேலை பாத்தவர். மும்பையில மாடி மேல ஆறு சீட் பிளேன் கட்டினவர். 2016-ல மேக் இன் இந்தியா கண்காட்சியில வச்சார், 2017-ல ரெஜிஸ்ட்ரேஷன், பர்மிட் டு ஃப்ளை கைக்கு வர 2019 ஆச்சு. அத்தன வருஷம் அலைஞ்சார், ஆனா பேப்பர் இல்லாம பறக்கல. அவரப் பத்தி எழுதுறப்பவும் மொட்டை மாடியத்தான் பெருசா எழுதினாங்க, அந்தக் காத்திருப்பப் பத்தி ரொம்ப கம்மி.

சரி, சிங்கப்பூருக்கு இது எதுக்குன்னு நீங்க கேக்கலாம். நம்ம நாட்டோட கிழக்குல இருந்து மேற்குக்கு சுமார் 50 கிலோமீட்டர், ஆர்வி-7 மணிக்கு 300 கிலோமீட்டர் போகும், 10 நிமிஷத்துல நாடே முடிஞ்சுரும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங்னு இவ்வளவு சின்ன இடத்துல இத்தன விமானத் தளம். 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோனுக்கே ரெஜிஸ்டர் பண்ணணும், 200 அடிக்கு மேல பறக்க விட பர்மிட் வேணும். ஆள் வீடு இல்லாத வெட்ட வெளிக்கு மேல 40 மணி நேரம் டெஸ்ட் பண்றதுக்கு இங்க எங்க வெட்ட வெளி இருக்கு, கீழ எல்லாம் வீடுதான். அதுல எனக்கு வருத்தம் இல்ல, எதுக்காக இப்படி வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுதான் சொல்றேன்.

ஆனா ஆளுங்க இங்க இருக்காங்க சார். சிலேத்தார் ஏரோஸ்பேஸ் பார்க்ல ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் இஞ்சின அசெம்பிள் பண்றாங்க, எத்தன தமிழ்ப் பிள்ளைங்க அந்த மாதிரி இடங்கள்ல ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பஸ் ஏறி வர்றாங்கன்னு ஈசூன், செம்பவாங் பக்கம் இருக்குற எங்களுக்குத் தெரியும். பாலிடெக்னிக்லயும் ஐடிஇ தொழிற்கல்லூரியிலயும் ஏரோஸ்பேஸ் படிக்கிற பசங்க இருக்காங்க. 1971-ல ஜூனியர் ஃபிளையிங் கிளப்பா ஆரம்பிச்ச சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப் சிலேத்தார்லயே இருக்கு, மாணவர்கள் அங்க பறக்கக் கத்துக்கலாம். நம்ம பெற்றோர் பல பேருக்கு அது இருக்குன்னே தெரியல, ட்யூஷன் சென்டர் பேர் மட்டும் எல்லாம் தெரியுது. அமெரிக்காவுல பெரியவங்க மேற்பார்வையில ஹைஸ்கூல் பசங்க ஆர்வி-12 கிட்ட கட்டி, அனுபவம் உள்ள பைலட் டெஸ்ட் பண்ணி பறந்திருக்கு. இங்க ஒரு பாலிடெக்னிக் அந்த மாதிரி கிட் ஒண்ண வாங்கி பசங்கள வச்சு கட்டி, டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் எல்லாம் முறையா செஞ்சு, பறக்குற டெஸ்ட்ட மட்டும் இடம் உள்ள நாட்டுல வச்சுக்கிட்டா என்ன? செலவு இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா அந்தப் பசங்க வாளி வச்சு ஃப்யூல் அளந்து பாத்தது வாழ்க்கை முழுக்க அவங்க கூட வரும், நாளைக்கு நம்மள சுமந்துக்கிட்டு போற பெரிய விமானத்துல கையெழுத்து போடப் போறது அவங்கதானே.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். அடுத்த தடவ சொந்தமா பிளேன் கட்டினவர், ஹெலிகாப்டர் கட்டினவர்னு செய்தி வந்தா, போடுறதுக்கு முன்னாடி உங்க நிருபர் ரெண்டு விஷயம் கேக்கட்டும், யாரு இன்ஸ்பெக்ட் பண்ணது, எத்தன மணி நேரம் எங்க டெஸ்ட் ஆச்சு. பதில் இருந்தா அதையும் தலைப்புலயே போடுங்க, அந்த ஆளுக்குப் பெருமை. பதில் இல்லன்னா அவர விஞ்ஞானின்னு போடாதீங்க, படம் போட்டு இன்னும் தூண்டி விடாதீங்க, ஏன்னா அதப் பாத்து இன்னொரு கிராமத்துல இன்னொரு பையன் கார் இஞ்சினத் தேடிப் போவான். அப்புறம் உங்க இளையர் பக்கத்துல ஒரு நாள் நம்ம ஹேங்கர் டெக்னீஷியன்கள, முக்கியமா இன்ஸ்பெக்ஷன் செய்யுறவங்கள, பேட்டி எடுங்க. ஒத்துக்குற ஆள் கிடைக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க, நான் வேலை பாத்த இடத்துல இருந்தே நாலு பேர கூட்டிட்டு வர்றேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா எல்லாருக்கும் ஷிஃப்ட் ஒத்து வரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷீட் மெட்டல் டெக்னீஷியன்,
ஈசூன்